எந்த வாளியிலும் சேராத கப்

திண்டுக்கல்லில் குப்பை வண்டி வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பாடம் மிகச் சிறியது. மக்கும் குப்பை பச்சை வாளி, மக்காத குப்பை நீல வாளி. வெங்காயச் சருகும் வாழைப்பழத் தோலும் ஒரு பக்கம், பால் கவரும் ஷாம்பு பாட்டிலும் மறுபக்கம். 2016இல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே தரம் பிரித்துத் தரச் சொன்ன நாளிலிருந்து எல்லா ஊர் வண்டியும் ஒலிபெருக்கியில் பாடுவது இதைத்தான். இந்தச் சின்னப் பாடத்தையும் குழப்பிவிடும் பொருள் ஒன்று இருக்கிறது: டீ குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பேப்பர் கப். காகிதம்தானே என்று பச்சையில் போடுகிறவர் பாதி. உள்ளே வழவழவென்று இருக்கிறதே என்று நீலத்தில் போடுகிறவர் மீதி. தூய்மைப் பணியாளர் இதற்காக நின்று வாதாடுவதில்லை. அவருக்குத் தெருவில் இன்னும் நூறு வாசல் பாக்கி இருக்கும்.

வீட்டு வாசலில் வாங்கும் குப்பை வழியாக இந்தக் கப்பை மறுசுழற்சிக்கு அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. உலகத்தில் பல நகரங்கள் இதற்குப் பதில் தேடியிருக்கின்றன, சில நகரங்கள் முடியும் என்று காட்டியும் இருக்கின்றன. திண்டுக்கல்லுக்கும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களுக்கும் அந்தப் பதில் பொருந்துமா என்று பார்த்தால், எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை. காகித ஆலையில் இருக்கிற தொழில்நுட்பம் இதற்குப் போதும். கப் பிறக்கிற இடமும் வண்டி வந்து நிற்கிற இடமும் வேறு வேறாக இருப்பதுதான் தடை.

முதலில் கப்பைப் பார்ப்போம். ஒரு பேப்பர் கப்பைக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் விரலால் தேய்த்தால் வெளிப்பக்கத்துக் காகிதம் கூழாக வரும். தேய்த்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல். அது பாலிஎத்திலீன், பால் கவர் செய்கிற அதே குடும்பம். எடையில் அது இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் டீ ஊற்றிய சில நிமிடங்களில் கப் நைந்து மடியில் கொட்டும். மிச்சமுள்ள காகிதம் மட்டமானதும் அல்ல. உணவு படுகிற பொருள் என்பதால் பழைய பேப்பரை அரைத்த கூழைப் பொதுவாக இதற்குப் பயன்படுத்துவதில்லை. மரத்திலிருந்து நேராக வந்த புதுக் கூழில் செய்த வெள்ளை அட்டை அது. பழைய பேப்பர் வாங்கும் ஆலைக்கு இந்த நார் கிடைத்தால் லாபம்தான்.

அந்த நாரைத் தோலிலிருந்து பிரிப்பதும் பெரிய வித்தை அல்ல. ஆலையில் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுவார்கள். சாதாரணச் செய்தித்தாள் சீக்கிரம் கரைந்துவிடும். கப் அட்டை கரைய நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். நார் கூழாகிப் பிரிந்ததும் பிளாஸ்டிக் தோலைச் சல்லடையில் வடித்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தில் கெண்டல் ஊருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் கிராப்பர் ஆலை கப்புகளை மட்டும் தனியாக வாங்கி, பிரித்து, உயர்ரகக் காகிதம் செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், கலந்து வரும் பழைய பேப்பரை அரைக்கிற ஆலையில் கப்பும் சேர்ந்து வந்தால் அந்தத் தோல் சல்லடையை அடைக்கும், ஓட்டத்தை நிறுத்தும். அதனால் ஆலைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: கப் தனியாக வரட்டும், சுத்தமாக வரட்டும், லாரி நிறைய வரட்டும்.

திண்டுக்கல்லைச் சுற்றிக் காகித ஆலைக்குப் பஞ்சமில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. பழைய காகிதத்தில் மை நீக்கும் பிரிவும் அங்கே உண்டு. அதே நிறுவனத்தின் அட்டை ஆலை மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் இருக்கிறது, திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற வழிதான். கோவை, உடுமலைப் பக்கம் பழைய அட்டையை அரைத்துக் கிராஃப்ட் காகிதம் போடும் மில்கள் உண்டு. தூரமும் பெரிதில்லை, அரைக்கிற எந்திரமும் இருக்கிறது. இல்லாதது அந்த லாரி.

லாரியை நிரப்பிப் பார்க்கலாம். டீக்கடையில் தரும் சின்னக் கப் ஏறக்குறைய இரண்டு கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 500 கப். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2,07,327. பத்துப் பேரில் ஒருவர் நாளுக்கு ஒரு பேப்பர் கப் பயன்படுத்துகிறார் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால் இருபதாயிரம் கப், எடையில் 40 கிலோ. அதில் ஒன்றுகூட வீணாகாமல் திரும்பி வந்தாலும் பத்து டன் லாரி நிறைய 250 நாள் ஆகும். அதுவரை பாலும் சர்க்கரையும் ஒட்டிய கப் மூட்டைகளை எங்கோ ஒரு கொட்டகையில் எலிக்கும் கரப்பானுக்கும் எறும்புக்கும் நடுவே காப்பாற்ற வேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் குப்பை என்று போட்டாலே இந்த ஊரில் 80 டன் சேரும். அதில் 40 கிலோ என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. குப்பையை டன் கணக்கில் அளந்து கூலி தருகிற எந்த ஒப்பந்தத்திலும் இந்தக் கப் கண்ணில் படவே படாது. சாக்கடை வாயில் நின்று பார்த்தால் மட்டும்தான் படும்.

பழைய பேப்பர் கடைக்காரர் இதை வாங்காததற்கும் காரணம் அதே கணக்குத்தான். பழைய அட்டை கிலோ பத்து ரூபாய் என்று வைத்தால் ஒரு கப்பின் விலை இரண்டு காசு. தெருவில் பொறுக்கிப் பிழைக்கிறவர் ஒரு கிலோவுக்காக ஐந்நூறு முறை குனிய வேண்டும். லிட்டர் தண்ணீர் பாட்டில் நாற்பது ஐம்பது எடுத்தால் ஒரு கிலோ தேறிவிடும், விலையும் அதிகம். பேருந்து நிலையத்து ஓரங்களில் கோணிப்பையோடு நடக்கிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். பாட்டிலை எடுப்பார், பீர் டின்னை எடுப்பார், அட்டைப் பெட்டியை மிதித்து மடக்கி எடுப்பார், கப்பைக் காலால் தள்ளிவிட்டுப் போவார். இந்தியாவில் மறுசுழற்சியின் பெரும்பங்கு அவர் முதுகில்தான் நடக்கிறது. அவர் தொடாத பொருளை மாநகராட்சி தொட்டு எடுத்துவிடும் என்று நம்புவது கடினம்.

இதற்கு மேல் ஒரு சட்டச் சிக்கல். தமிழ்நாட்டில் பேப்பர் கப் தடை செய்யப்பட்ட பொருள். 2018 ஜூன் மாதம் போடப்பட்ட அரசாணைப்படி 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் டீ கப், பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் கப் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த தடையில் பிளாஸ்டிக் கப் உண்டு, பூசிய காகிதக் கப் இல்லை. இந்த விஷயத்தில் மாநிலச் சட்டம்தான் கடுமை. கப் உற்பத்தியாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனது. 2023 அக்டோபரில் நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், பி.எஸ். நரசிம்மா அமர்வு பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்றது. துணிபோல இருக்கும் நெய்யாத பைகள் விஷயத்தை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திரும்பப் பார்க்கட்டும் என்று அனுப்பியது.

உற்பத்தியாளர் தரப்பையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கப்புக்கு மாற்று என்று சொல்லித்தான் அவர்களில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். சுயதொழில் கடன் வாங்க வங்கிக்குப் போகிறவர்களுக்குக் காட்டப்படும் மாதிரித் திட்டங்களில் பேப்பர் கப் தயாரிப்பும் ஒன்று. எந்திரம் வாங்கி, வட்டி கட்டி, பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவரிடம் இது காகிதமே அல்ல என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

தடை நின்றது, கப் நிற்கவில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிற வாரம் கல்லாவுக்குக் கீழே போகும், அடுத்த வாரம் மேலே வரும். மறுசுழற்சிப் பேச்சுக்கு இங்கேதான் முட்டுக்கட்டை விழுகிறது. சட்டப்படி இல்லாத ஒரு பொருளுக்கு எந்த நகராட்சி தனி வாளி வைக்கும்? எந்த ஆணையர் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? இதைச் சேகரித்து ஆலைக்கு அனுப்பும் செலவைத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம் என்றால், தயாரிப்பதே குற்றம் என்ற நிலையில் அவரிடம் பங்குத்தொகை எப்படிக் கேட்பது? தடையை முழுசாக அமல்படுத்தியிருந்தால் கேள்வியே இல்லை. தடையே இல்லாமல் இருந்தால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க வழி இருந்திருக்கும். இப்போது இருப்பது இரண்டும் இல்லாத இடைநிலை, அந்த நடுவில் கப் சுகமாக இருக்கிறது.

கனடாவைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். நம்மவர்கள் அதிகம் வாழும் டொரோண்டோவில், காபி கப்பை மறுசுழற்சிக்கான நீலத்தொட்டியில் போடாதீர்கள் என்றுதான் நகர நிர்வாகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அதே நாட்டின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2014 முதல் வீட்டு வாசலிலேயே கப்பை வாங்குகிறது. கப் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். மேற்கே சேகரிக்கும் செலவைப் பொருளைச் சந்தைக்கு விடும் நிறுவனங்கள் ஏற்றன, கிழக்கே வரிப்பணத்தில் நகரம் ஏற்க வேண்டியிருந்தது. வாசலில் கப் வாங்கும் திட்டம் உலகத்தில் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கே பின்னால் யாரோ பணம் கட்டுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் குழு 2018 ஜனவரியில் தந்த அறிக்கை ஆண்டுக்கு 250 கோடி கப் எறியப்படுவதாகவும் நானூறில் ஒன்றுதான் மறுசுழற்சிக்குப் போவதாகவும் சொன்னது. ஆலை இருந்தும் அங்கே நிலை அது.

இனி திண்டுக்கல் வாளிக்குத் திரும்பலாம். பச்சையில் விழுந்த கப் நுண்ணுரம் தயாரிக்கும் மையத்துக்குப் போகிறது. காய்கறிக் கழிவோடு சேர்ந்து காகிதப் பகுதி மக்கிப்போகும், தோல் மக்காது. உரத்தைச் சலிக்கும்போது தோல் சல்லடையில் நின்றால் பிழைத்தோம், துண்டு துண்டாகி உரத்தோடு இறங்கினால் அது ஏதோ ஒரு பூந்தோட்டத்து மண்ணுக்குப் போகும். நிலக்கோட்டையில் மல்லிகை போடுகிறவர் உரத்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பிளாஸ்டிக் மின்னினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். மக்கும் பிளாஸ்டிக் பூசிய கப் என்று சில கம்பெனிகள் விற்பதும் இந்த மையத்தில் உதவாது. சோளத்திலிருந்து எடுக்கும் அந்தப் பூச்சு மக்க ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் நாள்கணக்கில் குறையாமல் நிற்க வேண்டும். அப்படிக் கட்டுப்பாடாக நடத்தும் பெரிய உர ஆலைக்கான சரக்கு அது.

நீலத்தில் விழுந்தால்? பொருள் பிரிக்கும் கொட்டகையில் பெண்கள் மேசை மேல் கொட்டிப் பிரிப்பார்கள். பாட்டில், பால் கவர், அட்டை, இரும்பு, தகரம் என்று விலை போகிறவை தனித்தனிச் சாக்கில் ஏறும். எஞ்சியது ஒரே குவியல். பிஸ்கட் உறை, சானிட்டரி உறை, கிழிந்த செருப்பு, கப். இந்த எஞ்சிய குவியலைச் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாக எரிப்பது இன்று தமிழ்நாட்டில் பரவலான வழி. திண்டுக்கல் மாவட்டத்திலேயே வேடசந்தூர்ப் பக்கம் கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருக்கிறது, அரியலூர் வட்டாரத்தில் பல இருக்கின்றன. எரிப்பது மறுசுழற்சி ஆகாது. ஆனாலும் முருகபவனம் குப்பைக் கிடங்கில் கிடந்து வெயிலில் தீப்பிடித்து ஊரெல்லாம் புகைவதற்கு இது எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காகிதக் கப்பை விடக் கெட்டது என்று நாம் முதலில் விரட்டிய முழுப் பிளாஸ்டிக் கப்புக்குப் போக்கிடம் இருந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லி மேல் உருக்கிப் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பை, கப், தெர்மாகோல் எல்லாம் அதில் போகும். காகிதம் ஒட்டிய கப் அந்த ஜல்லியிலும் ஒட்டாது. உரத்துக்கும் ஆகாமல், சாலைக்கும் ஆகாமல், தனியாக வந்தால் ஒழிய ஆலைக்கும் ஆகாமல் நிற்கிற இதைத்தான் பசுமைக் கப் என்று விற்றார்கள்.

இவ்வளவும் வாளிக்குள் கப் வந்து சேர்ந்தால் நடப்பது. பெரும்பாலான கப் வாளிக்கு வருவதே இல்லை. திண்டுக்கல் வீட்டில் யாரும் பேப்பர் கப்பில் டீ குடிப்பதில்லை. எவர்சில்வர் டம்ளர், டபரா, கொஞ்சம் பகட்டு வீடென்றால் பீங்கான். கப் வெளியே பிறந்து வெளியே சாகிற பொருள். பழனி சாலையிலோ நாகல் நகரிலோ ஒரு டீக்கடை முன் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பட்டறையில் மாஸ்டர் டீ ஆற்றுகிறார். கடை முன் நிற்பவருக்குப் பல இடங்களில் இன்னும் கண்ணாடி கிளாஸ்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து பையன் வந்து "அண்ணே, அஞ்சு டீ பார்சல், கப்பு ஏழு குடுங்க" என்கிறான். சூடான டீ மெல்லிய கவருக்குள் இறங்குகிறது, வாய் ரப்பர் பேண்டால் இறுகுகிறது, அதன் மேல் குட்டிக் கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நிலையில் போகின்றன. ஐந்து டீ ஏழு பேருக்கு. பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு, நூல் மில் வாசல், வங்கி, வக்கீல் ஆபீஸ் எல்லாம் இப்படித்தான் டீ குடிக்கின்றன. குடித்து முடித்த கப் பட்டறைக் குப்பையில், இரும்புத் தூளோடும் எண்ணெய்த் துணியோடும் கிடக்கும். வீட்டு வாசல் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மதுக்கடைப் பார்கள் வேறு கணக்கு. அங்கே ஓடுவது பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிளாஸ். 2019 முதல் தடையில் இருக்கும் அந்தச் சரக்கு, அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கடையை ஒட்டிய இடத்திலேயே தாராளமாகப் புழங்குவதைக் காண விசேஷக் கண் வேண்டியதில்லை. இதே டாஸ்மாக், உயர் நீதிமன்றம் கேட்டதும் 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் தரும் முறையைத் தொடங்கியது. பாட்டில்கள் திரும்பின. காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்த பாட்டிலுக்குப் பத்து ரூபாய் மதிப்பு வந்ததும் அது காட்டில் கிடப்பது குறைந்தது. கப்புக்கு இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். டீயின் விலை பத்துப் பதினைந்து ரூபாய், இதில் கப்புக்கு ஐந்து ரூபாய் முன்பணம் வாங்கினால் கடையில் சண்டைதான் நடக்கும். தென்கொரியா 2022 டிசம்பரில் செஜோங் நகரிலும் ஜேஜு தீவிலும் எறியும் கப்புக்கு 300 வோன் முன்பணம் வைத்துப் பார்த்தது. நாடு முழுக்க விரிக்கும் திட்டத்தை அப்புறம் ஒத்திப்போட்டார்கள். அங்கே காபி விலைக்கு 300 வோன் சிறு தொகை, அப்படியும் இந்த நிலை.

ஆண்டுக்கொரு முறை கப் வெள்ளம் வருவதும் இந்தச் சமவெளியில்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் நத்தம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிறார்கள். வழி நெடுகப் பந்தல் போட்டுத் தண்ணீர், மோர், சுக்குக் காபி கொடுப்பார்கள். கொடுப்பவர் புண்ணியம் தேடுகிறார், வாங்குபவர் நடந்துகொண்டே குடித்து நடந்துகொண்டே போடுகிறார். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல், முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் ஊர் முழுக்க விருந்து, பேகம்பூரில் நோன்புக் கஞ்சி. எல்லா மதத்துக்கும் கப் பொது. ஒரு காலத்தில் இந்தப் பந்தல்களில் பெரிய பானையும் இரண்டு மூன்று செம்பும் இருந்தன. அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நமக்குப் பழக்கம்தான். வாய் படாமல் குடிக்கத் தெரிந்த ஊரில் கப் இவ்வளவு சீக்கிரம் வேரூன்றியது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அந்த வியப்பின் மறுபாதி கசப்பானது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. டீக்கடை கிளாஸ் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. தென்மாவட்டக் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை குறித்துக் கள ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து தனி கிளாஸை எடுத்த கடைகள் சில, அவர்களுக்கு மட்டும் எறியும் கப்பில் டீ கொடுத்துப் பாகுபாட்டைத் தொடர்ந்ததையும் அந்த ஆய்வுகள் பதிவு செய்தன. எல்லோருக்கும் கப் என்று வந்த இடங்களில், யார் வாய்பட்ட கிளாஸ் என்ற பேச்சே இல்லாமல் போனதால் நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. பிளாஸ்டிக்கை ஒழிப்போம், கிளாஸுக்குத் திரும்புவோம் என்று நகரத்துச் சுற்றுச்சூழல் ஆர்வலர் எளிதாகச் சொல்லிவிடலாம். எந்த கிளாஸ், யாருக்கு, யார் கழுவுவது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் அதைச் சொல்ல முடியாது. 2020இல் கொரோனா வந்தபோது இந்தத் தயக்கங்கள் எல்லாம் சுகாதாரம் என்ற ஒரே பெயரில் அடங்கின. கிளாஸ் வைத்திருந்த கடைகளும் கப்புக்கு மாறின.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை கப்பின் சாட்சியம் பலவீனம். அதே 2020இல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி நீரை ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் நீரில் இறங்குவதாகக் கண்டார்கள். உடம்பில் அவை என்ன செய்கின்றன என்பது தனி ஆராய்ச்சி. கிளாஸ் அழுக்கு என்று பயந்து கப்புக்கு மாறியவர், கப்பின் உள்தோலைச் சேர்த்துக் குடிக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

கழுவும் தண்ணீரைக் காட்டி வாதாடுபவர்களுக்கும் பதில் உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங் 1994இல் போட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. செய்வதற்கும் கழுவுவதற்கும் ஆகும் ஆற்றலைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு கண்ணாடி கிளாஸை 15 முறை பயன்படுத்தினாலே பேப்பர் கப்பைவிடச் சிக்கனமாகிவிடும், பீங்கான் என்றால் 39 முறை. தெர்மாகோல் கப்போடு ஒப்பிட்டால் எண்ணிக்கை பல மடங்கு எகிறும், அது வேறு கதை. திண்டுக்கல் டீக்கடை கிளாஸுக்கு 15 முறை என்பது ஒரு காலைப் பொழுது. ஆறு மாதம் உடையாமல் இருந்தால் அது எத்தனை ஆயிரம் கப்பைத் தடுத்திருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தையும் காவிரிக் குழாயையும் நம்பி வாழும் ஊரில் தண்ணீர் விலையுயர்ந்தது என்பதை மறுக்கவில்லை. கிளாஸுக்குக் கால் லிட்டர் தண்ணீர் ஆனாலும் நூறு டீக்கு 25 லிட்டர், ஒரு குடம் ஒன்றரைக் குடம். கடைக்காரர் உண்மையில் அஞ்சுவது தண்ணீருக்கு அல்ல, கழுவ நிற்கிற ஆளின் கூலிக்கு. கப் வாங்கினால் அந்த ஆள் தேவையில்லை, குப்பை வாரும் கூலி ஊர்ப் பணத்தில் போகும்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரம் இந்தக் கூலிக் கணக்கை நேராகத் தொட்டது. 2022 முதல் எறியும் கப் ஒன்றுக்குக் கடைக்காரரிடம் 50 சென்ட் வரி வாங்குகிறது. ஒரு பெரிய உணவகம் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் வரிக்கு இடமில்லை, ஏனென்றால் தடை செய்த பொருளுக்கு வரி போட முடியாது. மதுரையில் ஒரு கடை பிஸ்கட் கப்பில் டீ ஊற்றி, குடித்ததும் கப்பையும் தின்னச் சொன்னது. செய்திக்கு நன்றாக இருந்தது. நாலு டீ குடிக்கும் லாரி டிரைவர் நாலு பிஸ்கட் கப்பைத் தின்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

வாசல் வண்டியால் கப் விஷயத்தில் எதுவுமே ஆகாது என்று சொல்லவும் மாட்டேன். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் கப் வீட்டுக்குள் பிறக்கிறது: விசேஷம். காதுகுத்து, நிச்சயதார்த்தம், இழவு வீடு. மறுநாள் காலை வாசலில் சாக்குச் சாக்காகக் கப் நிற்கும், பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று செருகாமல், சாம்பாரும் எச்சில் இலையும் கலந்து. அந்தக் கலப்பு மட்டும் இல்லாவிட்டால், ஒரே நாளில், ஒரே இடத்தில் கிலோக்கணக்கில் கிடைக்கிற அந்தச் சரக்கைத்தான் ஆலை கேட்கிறது. விசேஷ வீட்டுக்காரர் முதல் நாளே சொன்னால் தனிச் சாக்குக் கொடுத்து மறுநாள் தனியாக எடுக்கலாம். ஆனால் இந்த யோசனையைச் சொல்லும்போதே அடுத்த யோசனை இதை முந்திவிடுகிறது. பந்தலும் அடுப்பும் அண்டாவும் வாடகைக்குக் கொடுக்கிற பாத்திரக் கடை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரும் அங்கே நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். வாடகைக்கு எடுத்தவர் கழுவித் தர வேண்டும் என்பதால்தான் யாரும் டம்ளரைக் கேட்பதில்லை. கழுவும் வேலையையும் சேர்த்துக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு கட்டணம் வைத்தால், ஆயிரம் கப்புக்குக் கொடுக்கிற பணத்தோடு போட்டி போட முடியும். மகளிர் குழுக்களுக்குப் பேப்பர் கப் எந்திரத்துக்குக் கடன் கொடுத்த வங்கி, டம்ளர் கழுவும் எந்திரத்துக்கும் கொடுக்கலாம்.

மற்றபடி, கப் பிறக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அங்கே மாநகராட்சி அதிகாரம் செய்கிற அமைப்பு மட்டும் அல்ல, கடைகளின் சொந்தக்காரரும்கூட. பேருந்து நிலையத்துக் கடைகள், சந்தைக் கடைகள், வணிக வளாகங்கள் மாநகராட்சியின் சொத்து. ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பவை. திடீர்ச் சோதனை நடத்தி அபராதம் போடுவதைவிட, குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பது எளிது: இந்தக் கடையில் டீ கண்ணாடி கிளாஸிலோ எவர்சில்வரிலோதான், எல்லாருக்கும் ஒரே வகைக் கிளாஸ். பார்சலுக்கு வாங்குபவர் பாத்திரம் கொண்டு வரட்டும், தூக்குச் சட்டி நம் ஊரில் இன்னும் விற்கிறது. ஆனால் அந்த வரியை எழுதும் முன் பொறியாளர் ஒரு முறை அந்தக் கடைகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்துக் கடைக்குள் பாய்லர், பால் கேன், பஜ்ஜிச் சட்டி, கல்லா எல்லாம் நெருக்கி நிற்கின்றன. குழாய் இணைப்பு பல கடைகளில் இல்லை, கழிவுநீர் போக வழியும் இல்லை, தொட்டி வைக்க இடமும் இல்லை. அடுத்த ஏலத்துக்கு முன் கடை வரிசைக்கு ஒரு பொதுக் கழுவுமிடமும் தண்ணீரும் வடிகாலும் போட்டுக் கொடுத்துவிட்டு நிபந்தனையைச் சேர்த்தால், கடைக்காரர் அதை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.